வண்டியைத் தாங்குவது காற்று

நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவரக் கும்பகோணத்துக்குக் காரில் கிளம்புகிற குடும்பங்கள் எதையும் மறப்பதில்லை. புளியோதரை, பிளாஸ்க்கில் காப்பி, குழந்தைக்கு மாற்று உடை, போனுக்கு இரண்டு சார்ஜர் என எல்லாம் டிக்கியில் ஏறிவிடும். டயரை மட்டும் காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பதோடு சரி. அந்த உதை எதையும் சொல்லாது. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் சற்றுப் பிதுங்கியேதான் நிற்கும். கணிசமாகக் காற்று இறங்கியிருந்தாலும் கண்ணுக்கோ காலுக்கோ எளிதில் பிடிபடாது.

பயணத்துக்கென்று கடைகளில் விற்கும் எத்தனையோ பொருள்களில் என் முதல் ஓட்டு, சட்டைப் பையில் அடங்கும் காற்றழுத்தமானிக்கு. காரணம் எளிய கணக்கு. ஆட்களும் சாமான்களுமாக 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ வருகிறது. ரப்பரின் விறைப்பு தாங்குவது இதில் சிறு பங்குதான். மீதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. டயரின் காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ-யில், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று அளக்கிறார்கள். 33 பி.எஸ்.ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. வளைவில் திரும்புவதும், குறுக்கே ஆடு வந்தால் நிற்பதும் இப்படி நான்கு அட்டைகளின் பிடிமானத்தில்தான்.

காற்று குறைந்தால் அந்தப் பரப்பு பெரிதாகும். பிடிப்பு கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவான ஆற்றலை நிமிரும்போது ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகிறது, சூடு ஏறுகிறது, உள்ளிருக்கும் அடுக்குகளின் ஒட்டு தளர்கிறது. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றுதான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி குறைந்த காற்று.

முள் வைத்த மானிக்குள் வளைந்த, தட்டையான ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. காற்று உள்ளே புகுந்ததும் குழாய் கொஞ்சம் நிமிரப் பார்க்கிறது. அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளை நகர்த்துகிறது. பிரான்சின் யூஜின் போர்டான் 1849-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. எண் காட்டும் டிஜிட்டல் மானியில் குழாய்க்குப் பதில் மெல்லிய சிலிக்கான் சவ்வு. அழுத்தத்தில் அது வளையும்போது மாறும் மின்தடையை அளக்கிறார்கள். எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வளிமண்டலத்தை விட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் மானி சொல்கிறது. அது 33 காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது 33-உடன் வளிமண்டலத்தின் 14.7-உம் சேர்ந்த 47.7.

இதைத் தெரிந்துகொண்டால், எப்போது அளக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அடைத்த காற்றின் முழு அழுத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப ஏறும். பத்து டிகிரி செல்சியஸுக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. விடியற்காலை 30 டிகிரியில் 33 வைத்துத் தஞ்சாவூரில் கிளம்பிய வண்டி, கும்பகோணம் போய்ச் சேரும்போது டயருக்குள் 25 டிகிரி ஏறியிருந்தால் 37 காட்டும். அங்கே பங்க்கில் யாராவது ‘அதிகம் இருக்கிறது’ என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயரில் 30-கூட இருக்காது. சூரியனார்கோவிலில் அரைமணி நேரம் நிறுத்தியது ஆறுவதற்குப் போதாது. மூன்று மணி நேரமாவது வேண்டும். ஆகவே வீட்டு வாசலிலேயே அளந்துவிடுவது உத்தமம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் இருக்கும். ஐந்து பேரும் மூட்டைகளும் என்றால் பின் சக்கரத்துக்குப் பெரிய எண்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்குள் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வயலும் சாலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும் திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் மழைநீர் வடிய நேரமாகும். டயரின் வரிப்பள்ளங்களால் நீரை வெளியேற்ற முடியாத வேகத்தில், எதிரே குவியும் நீரின் அழுத்தம் டயரையே தூக்கிவிடுகிறது. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். பிரேக் வேலை செய்யாது. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களுக்காக 1963-இல் வெளியிட்ட சூத்திரப்படி, இந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வரி தேய்ந்த டயரில் 33 பி.எஸ்.ஐ இருந்தால் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 22 என்றால் 78-லேயே. வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டமே டயரை மாற்றச் சொல்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு வெளிப்பரப்போடு சமமாகிவிட்டதா என்று விரலால் தடவினாலே போதும். (தை, மாசியில் சாலையில் நெல் காயும். மணிகள் உருளும், அங்கே எந்தச் சூத்திரமும் உதவாது, மெதுவாகப் போவதுதான்.)

மானியோடு, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறு காற்று பம்ப்பும் வாங்கத் தகுந்தது. மெதுவாகத்தான் நிரப்பும், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வேதாரண்யம் சாலையில் அது போதும். மூடியைத் திருகும் முன் வால்வின் வாயில் பஞ்சர் கடைக்காரர் எச்சிலைத் தடவிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நடுவிலுள்ள ஊசியின் அடியில் மணல் துகள் சிக்கினாலும் காற்று கசியும். எச்சில் படலம் மெல்ல உப்பிக் குமிழியாகும். தண்ணீரும் சோப்பும் அதே வேலையைச் சுத்தமாகச் செய்யும்.

ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து அளக்க வேண்டும். ஓடாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ தானாகவே கசிந்துபோகும். சாமான்களை ஏற்றிய பிறகு இதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. ஜாக்கியோடு ஓரடிச் சதுர மரப்பலகை ஒன்றும் இருக்கட்டும். கொள்ளிடக் கரையோரச் சாலைகளில் தார் முடிந்ததும் ஈர வண்டல். ஜாக்கியின் சிறிய பாதம் வண்டி எழும்புவதற்குப் பதிலாக மண்ணுக்குள் இறங்கும். பலகை அதே எடையைப் பல மடங்கு பரப்பில் பரப்பிவிடுகிறது. போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். தூக்கியபின் திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும்.