தலசீமியா: சொல்லும் அதன் கணக்கும்

கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் ‘தலசா’வும் குருதியைக் குறிக்கும் ‘ஹைமா’வும் இணைந்து பிறந்த சொல் தலசீமியா. 1925இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி விவரித்த கடுஞ்சோகை, மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் காணப்பட்டதால், 1930களில் விப்பிள், பிராட்ஃபோர்ட் என்னும் இருவர் இப்பெயரைச் சூட்டினர். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவலாக உள்ள குறைபாட்டுக்கு அந்தக் கடல் பொருந்தவில்லை. தமிழில் ‘மரபுவழிக் குருதிச்சோகை’ என்று பெயர்த்தாலோ அரிவாள் செல் சோகையும் அதில் அடங்கிவிடும். எனவே தலசீமியா என்றே எழுதி, ஹீமோகுளோபினின் ஆல்ஃபா அல்லது பீட்டா எனும் புரதச் சங்கிலிகள் போதிய அளவில் உருவாகாத மரபுக் குறை என்று விளக்குவதே தகும்.

சிங்கப்பூரில் திருமணத்துக்கு முன்போ கருவுற்றபோதோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர் கேட்கும் ‘தலசீமியா மைனர்’ இதைவிடக் குழப்பமானது. தமிழில் மைனர் என்றால் வயது வராதவர், அல்லது ஊர்சுற்றும் செல்வந்தர். இங்கோ வாழ்நாள் முழுதும் மாறாத, பெரும்பாலும் நோயாக வெளிப்படாத நிலை. இந்நிலை உடையவரை ‘நோய்கடத்தி’ என்பது கொசுவை நினைவூட்டுவதால், ‘மரபணு ஏந்தி’ என்பதே என் தேர்வு.

கணவன், மனைவி இருவரும் பீட்டா வகை ஏந்திகளாயின், ஒவ்வொரு கருவுக்கும் கடும் தலசீமியா வர 25 விழுக்காடும், ஏந்தியாக 50 விழுக்காடும், இரண்டுமின்றிப் பிறக்க 25 விழுக்காடும் வாய்ப்புண்டு. இதை நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் எனக் கொள்வது தவறு. மூத்த பிள்ளைக்கு நோய் வந்ததாலோ வராததாலோ இளையவருக்கான வாய்ப்பு மாறுவதில்லை. இரு பிள்ளைகள் பெறும் இத்தகைய தம்பதியருக்கு ஒருவரேனும் பாதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு.

ஆல்ஃபா வகையில், தாயிடமிருந்து வரும் குரோமோசோமில் இரண்டும் தந்தையிடமிருந்து வருவதில் இரண்டுமாக நான்கு மரபணுக்கள் பங்கேற்பதால் கணக்கு வேறு. இந்திய வழியினரிடம் பெரும்பாலும் ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே குறையும். சீனரிடமும் தென்கிழக்காசியரிடமும் ஒரே குரோமோசோமின் இரண்டுமே அற்றுப்போகும் வகை பரவலாக உண்டு. ஆகவே ஒரு மரபணு குறைந்த தமிழரும் அத்தகைய இரண்டு குறைந்த சீனரும் மணந்தால், மூன்று மரபணுக்கள் இழந்து, சோகை தரும் ‘ஹீமோகுளோபின் எச்’ நோயுடன் பிறக்க ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு வாய்ப்புண்டு. கலப்பு மணங்கள் மிகுந்த இந்நாட்டில் ‘நான் ஏந்தி’ என்பதோடு நிறுத்தாமல் எந்த வகை ஏந்தி என்றும் கேட்டறிய வேண்டும். ஏந்தி நிலையைச் சுட்டும் வகையில் சிவப்பணு சிறுத்திருப்பது இரும்புச்சத்துக் குறையாலும் நேரலாம். ஹீமோகுளோபின் பகுப்பாய்வில் பீட்டா வகை பெரும்பாலும் தெரிந்துவிடும், ஆல்ஃபாவை உறுதிசெய்ய மரபணுச் சோதனையே வேண்டியிருக்கும்.