திட்டம் அச்சாவதற்கு முன் கேட்கப்பட வேண்டியவர்கள்

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு இங்கே அப்படித்தான் அழைக்கப்படுகிறது), கூட்டாட்சி அரசின் கல்வி நிதியைத் திட்டமிடும் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. மே மாதத்தில் ஒரு மாலை, பள்ளி நூலகத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அடுத்த ஆண்டுக்கான திட்டம் முழுமையாக அச்சிடப்பட்டு ஒவ்வொரு நாற்காலியிலும் வைக்கப்பட்டிருந்தது. நாற்பது நிமிடம் ஸ்லைடுகளைக் காட்டி விளக்கினோம். கடைசியில் ஒரு தாய் எழுந்து, "இதில் இன்னும் எதை மாற்ற முடியும்?" என்று ஸ்பானிய மொழியில் கேட்டார். முன்வரிசை மேசையில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. வந்தவர்கள் கையெழுத்திட்ட தாள் மட்டும் கலந்தாலோசனை நடந்ததற்குச் சான்றாகக் கோப்பில் சேர்ந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் எளியது. ஏழைக் குழந்தைகள் அதிகமாகப் படிக்கும் பள்ளிகளுக்கு வரும் 'டைட்டில் ஒன்' நிதியின் பெரும்பகுதி சம்பளமாகவே செலவாகிறது. வாசிப்புப் பயிற்சி தரும் ஆசிரியர், வகுப்பறை உதவியாளர், பெற்றோர் தொடர்பாளர் என்று அது மனிதர்களாகத்தான் பள்ளிக்குள் வந்து சேர்கிறது. கலிபோர்னியாவில், பணியிழக்க நேரக்கூடிய ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், அடுத்த ஆண்டு எந்தப் பணியிடம் இருக்கும், எது இராது என்பதை மாவட்டம் பெரும்பாலும் பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிடுகிறது. அப்படியிருக்க, மே மாதத்தில் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டால், சம்பளத்துக்குப் போக மிஞ்சிய சில்லறைத் தொகையைப் பற்றி மட்டுமே அவர்கள் பேச முடியும்.

இந்த நிதிக்கான சட்டம் இதைவிட அதிகமாகக் கேட்கிறது. 2015 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ்' சட்டத்தின் 1112-ஆம் பிரிவு, ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், வகுப்பறை உதவியாளர்கள், ஆலோசகர் போன்ற சிறப்புப் பணியாளர்கள், நிர்வாகிகள், பெற்றோர்கள் ஆகியோருடன் உரிய காலத்தில், பொருளுள்ள வகையில் கலந்தாலோசித்தே மாவட்டம் தன் திட்டத்தை உருவாக்க வேண்டும் என்கிறது. உருவாக்கிய பிறகு காட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அடுத்து வரும் 1116-ஆம் பிரிவு பெற்றோருக்கு ஓர் உரிமையைத் தருகிறது: மாவட்டத் திட்டம் தங்களுக்கு நிறைவளிக்கவில்லை என்று அவர்கள் கருத்துத் தெரிவித்தால், மாவட்டம் அந்தக் கருத்துகளையும் திட்டத்தோடு இணைத்தே மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். நான் சந்தித்த பெற்றோரில் இதை அறிந்திருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், தாம் சிறுவயதில் படித்த டெக்சாஸின் ஓரறைப் பள்ளிக்கு வெளியே, தம் முதல் ஆசிரியையை அருகில் அமர்த்திக்கொண்டு இந்த நிதியைத் தொடங்கிவைத்த மூலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நான்கே ஆண்டுகளில், ஏழைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய பணம் பல மாவட்டங்களில் பொதுச் செலவுகளுக்குத் திருப்பப்படுவதை 1969-இல் வெளியான ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியது. கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்தோடு தொடர்புடைய வழக்கறிஞர் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை அது. 1970-களில் பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் கட்டாயமாக்கப்பட்டன. 1981-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. பின்னர் வந்த சட்டங்களில் பெற்றோர் பங்கேற்பு வேறு வடிவங்களில் திரும்பியது. பணம் குழந்தையிடம் போய்ச் சேருகிறதா என்று அருகிலிருந்து பார்க்கக்கூடியவர்கள் பெற்றோரே என்பதால்தான் கலந்தாலோசனை சட்டத்துக்குள் வந்தது. அதை ஒரு சம்பிரதாயமாக நடத்துவது அந்த வரலாற்றையே மறப்பதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மே மாதக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகம் செய்த முதல் மாற்றம் நாள்காட்டியில்தான். அக்டோபரில் தேர்வு முடிவுகளையும், வருகைப் பதிவையும், சென்ற ஆண்டு எந்தச் செலவு எந்தப் பள்ளியில் என்ன பயன் தந்தது என்பதையும் பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைத்தோம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கேட்பது மட்டுமே எங்கள் வேலையாக இருந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில், இரண்டு மூன்று மாற்று வழிகளை ஒவ்வொன்றுக்கும் ஆகும் டாலர் தொகையோடு காட்டி, எது முதலில் வேண்டும் என்று கேட்டோம். அதற்குப் பிறகுதான் பணியிடப் பட்டியல் எழுதப்பட்டது. கலிபோர்னியாவில் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம் ஜூலை 1-க்குள் ஏற்கப்பட வேண்டும். பொது விசாரணை ஒரு கூட்டத்திலும் வாக்கெடுப்பு வேறொரு கூட்டத்திலும் நடக்க வேண்டும். ஜூன் மாத விசாரணை முன்பு எங்களுக்கு ஒரு தொடக்கமாக இருந்தது. இப்போது அது கடைசிச் சரிபார்ப்பாக மாறியிருக்கிறது.

யாரைக் கேட்பது என்பதில் எனக்குப் பாடம் கற்பித்தவர் ஒரு வகுப்பறை உதவியாளர். ஒரு நடுநிலைப் பள்ளியில் மாலை நேரத் தனிப்பயிற்சிக்குக் கணிசமான டைட்டில் ஒன் பணத்தை ஒதுக்கியிருந்தோம். பதிவு செய்த மாணவர்களில் பாதிப்பேர் வருவதில்லை. இணையவழிக் கருத்துக்கணிப்பில் பெற்றோர்கள் 'திருப்தி' என்றே குறித்திருந்ததால், குறை மாணவர்களின் ஆர்வத்தில் இருக்கிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். ஒரு கூட்டத்தில் அந்த உதவியாளர் தயக்கத்தோடு கையை உயர்த்தினார். தினமும் மாலையில் வாயிலில் நிற்பவர் அவர். வராத பிள்ளைகளில் பலர் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியிலிருந்து தங்கள் தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர்கள் என்றும், தாயும் தந்தையும் பழப் பண்ணையிலிருந்தோ பழங்களைப் பெட்டியிடும் கூடத்திலிருந்தோ இருட்டிய பிறகே வருகிறார்கள் என்றும் அவர் சொன்னார். அடுத்த பருவத்தில், காலை உணவு பரிமாறப்படும் வேளைக்கு அந்த வகுப்பை மாற்றினோம், கூடம் நிறைந்தது. அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே தொகை. அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்தத் திட்டத்தை 'பயனற்றது' என்று நாங்கள் நிறுத்தியிருப்போம். சட்டம் வகுப்பறை உதவியாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதன் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனாலும் பல கூட்டங்களில் மணிக்கணக்குச் சம்பளம் பெறும் இவர்களுக்கு அழைப்பே போவதில்லை. அழைப்புப் போனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊதியம் கிடைப்பதில்லை.

மொழி இன்னொரு பெரிய வாயில். தகவல்களை இயன்றவரை பெற்றோருக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், எல்லாத் தாள்களையும் ஸ்பானிய மொழியில் அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தோம். மெக்சிகோவின் ஓஹாகாப் பகுதியிலிருந்து வந்த பல குடும்பங்களின் வீட்டு மொழி மிஷ்டெக்கோ என்பதும், அம்மொழியைப் பேசுபவர்களில் பலர் அதை எழுத்தில் படித்தறியாதவர்கள் என்பதும், பள்ளிப் பதிவேட்டில் அவர்கள் 'ஸ்பானியம்' என்றே பதிவாகியிருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு எத்தனை தாள் மொழிபெயர்த்தாலும் பயனில்லை. அவர்கள் மொழியைப் பேசும் ஒருவரின் குரலில் பதிவு செய்த தொலைபேசிச் செய்தியும், கூட்டத்தில் அருகே அமர்ந்து பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளருமே தேவை. குழந்தையை அழைத்துத் தாய்க்கு மொழிபெயர்க்கச் சொல்வதை எந்தப் பள்ளியும் அனுமதிக்கக் கூடாது. தன்னைப் பற்றிய குறையையே ஒரு பிள்ளை தன் வாயால் மொழிபெயர்க்க நேர்வது எவ்வளவு கொடுமை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வருவதற்கான போக்குவரத்துக்கும், அந்நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் டைட்டில் ஒன் பணத்தையே பயன்படுத்தலாம். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் அதில் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர், குடும்பப் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பள்ளிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. 20 லட்சம் டாலர் பெறும் மாவட்டத்தில் இது 20,000 டாலர். அதில் பள்ளிகளுக்குச் சேர வேண்டியது 18,000. எட்டுப் பள்ளிகள் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 2,250 டாலர். சிறிய தொகைதான். ஆனால் பல இடங்களில் அது ஆண்டு முடிவில் அவசரமாகக் காகிதமும் சிற்றுண்டியும் வாங்கிக் கரைந்துபோகிறது.

தனியார் பள்ளிகளோடும், அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்கள் அதிகமுள்ள மாவட்டங்களில் பழங்குடி அரசுகளோடும் நடத்த வேண்டிய கலந்தாலோசனைக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. அவற்றைப் பொதுக் கூட்டத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டிவிட முடியாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இங்கு வாழும் தமிழ்ப் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி எது என்ற படிவத்தில் 'தமிழ்' என்று எழுதினால், கலிபோர்னியாவில் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு நடக்கும். அதன் முடிவைப் பொறுத்து 'ஆங்கிலம் கற்பவர்' என்று அந்தக் குழந்தை வகைப்படுத்தப்படலாம். அந்த வகையில் 21 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் அவர்களின் பெற்றோர் பங்கேற்கும் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் தேர்வு முடிவைக் கண்டு வருந்துகிறார்களே தவிர, அந்தக் குழுவில் போய் அமர்வதில்லை. இந்தக் கூட்டமெல்லாம் வேறு யாருக்கோ என்று நினைக்கிறார்கள். உங்கள் குழந்தையின் பெயரிலும் நிதி வருகிறது. அது எப்படிச் செலவாகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. பெற்றோர் ஆலோசனை சொன்னால் கூடிய விரைவில் பள்ளி பதிலளிக்க வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம்: என்ன சொல்லப்பட்டது, என்ன முடிவானது, ஏன், ஏற்றிருந்தால் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. 'முடியாது' என்பதையும் காரணத்தோடு எழுதுகிறோம். டைட்டில் ஒன் பணம் மாநிலமும் மாவட்டமும் செய்ய வேண்டிய செலவுக்கு மாற்றாக வரக் கூடாது என்ற விதியை, ஒரு முறை பொறுமையாக விளக்கினால் எந்தப் பெற்றோரும் புரிந்துகொள்கிறார்.

மே மாதத்தில் எழுந்து நின்ற அந்தத் தாய் பின்னர் மாவட்டப் பெற்றோர் குழுவில் சேர்ந்தார். ஒரு ஜனவரியில் மூன்று கோரிக்கைகளோடு வந்தார். கழிப்பறையைச் சீரமைப்பதற்கு இந்த நிதியில் இடமில்லை என்பதால் அந்தக் கோரிக்கை கட்டடப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அனுப்பிய தேதி அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. சனிக்கிழமை வகுப்பை, அவ்வாண்டு பணம் போதாது என்று குழுவே ஒத்திவைத்தது. மிஷ்டெக்கோ பேசும் ஒருவரை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பெற்றோர் தொடர்பாளராக அமர்த்தும் யோசனை ஏற்கப்பட்டது. ஜூன் மாத வாரியக் கூட்டத்தில், நான் முன்னே நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் திட்டத்தை மடியில் வைத்துப் பக்கங்களைப் புரட்டி, அந்த நான்கு மணி நேரப் பணியிடம் எழுதப்பட்டிருந்த வரியின் மேல் விரலை வைத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.