போரில் இறந்த வீரரின் குடும்பத்துக்கு எந்த பென்ஷன், எங்கே இழுத்தடிப்பார்கள்

மதுரை விமான நிலையத்தில் உடல் வந்து இறங்கும் நாளில் அமைச்சர், கலெக்டர், கட்சிக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் நிற்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த வீட்டுக்கு வருவது, வீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீஸ் அனுப்பும் ஆங்கிலத் தபால்தான். அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பேரையூர், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் இப்படிப் பெட்டியில் தூங்கும் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது, இறப்பை 'பேட்டில் கேஷுவால்டி' (போர் மரணம்) என்று எழுதியிருக்கிறார்களா, 'பிசிக்கல் கேஷுவால்டி' (போர் அல்லாத மரணம்) என்று எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான். எவ்வளவு பணம் என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான். எதிரியோடு நடந்த சண்டையில் இறந்தவர் என்றால் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன். கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் பென்ஷனாக வரும். பணியால் நேர்ந்த மரணம், ஆனால் போர் இல்லை என்றால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், 60 சதவீதம். இரண்டும் இல்லையென்று முடிவு செய்தால் சாதாரண பென்ஷன்: முதல் 10 ஆண்டு பாதி, அப்புறம் 30 சதவீதம். கணக்கில் எடுக்கும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், லிபரலைஸ்டில் மாதம் 40,000, ஸ்பெஷலில் 24,000, சாதாரணத்தில் முதல் 10 ஆண்டு 20,000, அப்புறம் 12,000 என்று இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே அகவிலைப்படி தனி.

பனிச்சரிவு, வண்டி கவிழ்ந்தது என்றெல்லாம் எழுதியிருந்தால் உடனே சரி என்று தலையாட்டாதீர்கள். ராணுவ நடவடிக்கை நடக்கும் இடமாக அறிவிக்கப்பட்ட ஆபரேஷன் பகுதியில் நடந்தது என்றால் அதுவும் பேட்டில் கேஷுவால்டி ஆகலாம். விசாரணை அறிக்கையின் நகலை யூனிட்டிடம் (அவர் பணியாற்றிய படைப்பிரிவிடம்) எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போனில் "பார்த்துச் சொல்றோம்மா" என்றால் அது பதில் அல்ல. பென்ஷனைக் குறைத்தோ மறுத்தோ கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

அடுத்தது, பணம் யாருக்கு என்பது. குடும்பங்கள் உடைவதே இந்த இடத்தில்தான். கல்யாணமான வீரர் என்றால் பென்ஷன் மனைவிக்கு. கல்யாணம் ஆகாமல் இறந்த பையன் என்றால் அப்பா அம்மாவுக்கு: இருவரும் இருந்தால் லிபரலைஸ்டு பென்ஷனில் 75 சதவீதம், ஒருவர்தான் என்றால் 60. இதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் "வருமானச் சான்று கொண்டு வாங்க" என்று தாலுகா ஆபீசுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு ஏக்கர் நிலம் இருப்பதால் பென்ஷன் கிடையாது என்று சொல்லப்பட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப்பேர் அதோடு அடங்கிவிடுவார்கள்.

மனைவி மறுமணம் செய்தால் லிபரலைஸ்டு பென்ஷன் உடனே நின்றுவிடும் என்பதும் தவறு. பிள்ளைகளை அவர் தொடர்ந்து வளர்க்கிறாரா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை இதைச் சொல்லியே பயமுறுத்தி வைக்கிற மாமனார் வீடுகளும் உண்டு. இன்சூரன்ஸ் பணத்துக்கு மட்டும் பையன் எழுதிக்கொடுத்த நாமினேஷன்தான் கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேரைப் போட்டுவிட்டு அப்புறம் மாற்றாமல் விட்டிருப்பான்; சண்டை அங்கே ஆரம்பிக்கும். லீவில் வந்து தாலி கட்டியவன் யூனிட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் இருந்தால் இன்னும் சிக்கல். இப்போது பணியில் இருக்கிற பையன்களிடம் இன்றைக்கே கேளுங்கள், கல்யாணத்தை ராணுவப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகிவிட்டதா என்று.

இனி நம்ம ஊர் ஆபீஸ்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று போகும். இறப்புச் சான்று கேட்பார்கள். இறந்தது காஷ்மீரில் என்றால், நம்ம ஊர் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ அதைத் தர முடியாது. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. யூனிட்டிடமே வாங்கிக்கொள்ளுங்கள், அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பெயர்தான் பெரிய வில்லன். ராணுவ ரெக்கார்டில் மனைவி பெயர் 'பேச்சி', ஆதாரில் 'பேச்சியம்மாள்', பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் வேறு. பென்ஷன் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் முறையில் வருவதால் ஒரு எழுத்து மாறினாலும் நிற்கிறது. இறந்தபின் ராணுவ ரெக்கார்டைத் திருத்துவது பெரும்பாடு. முடிந்தவரை ஆதாரையும் பாஸ்புக்கையும் ரெக்கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே சுலபம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்டு ஆபீஸ் வெலிங்டனில், பீரங்கிப் படை என்றால் நாசிக்கில். மனுவில் ராணுவ எண் இல்லாவிட்டால் எங்கே அனுப்பினாலும் பயனில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுதித் தருவார்கள். அது அவர்கள் வேலை, தயவு அல்ல. பார்ம் நிரப்பப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகவே போகாதீர்கள். அனுப்புவதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: சம்பளம் வந்த பேங்கில், அந்தக் கணக்கோடு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காதவரை பேங்க் வாயைத் திறக்காது, கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும்.

2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில், நான்கு ஆண்டுப் பணிக்கு அக்னிவீராகச் சேர்ந்த பையன் என்றால் மேலே சொன்ன பென்ஷன் எதுவும் இல்லை. 48 லட்சம் காப்பீடு, பணியால் மரணம் என்றால் 44 லட்சம் கருணைத்தொகை, மீதிக் காலச் சம்பளம், சேவா நிதி (சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதும் சேர்ந்த தொகை). முக்கியமாக இவைதான். ஒரே மாதிரிச் சீருடை, ஒரே மாதிரி மரியாதைக் குண்டு, பென்ஷன் மட்டும் வேறு. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் வீட்டுக்காரர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள். அவர்கள் தங்கள் படையின் தலைமையகத்துக்கு எழுத வேண்டும்.

பென்ஷன் வர ஆரம்பித்தபின் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். விட்டால் பணம் நின்றுவிடும். வயதான அம்மாக்களுக்குக் கைரேகை விழாது. அப்போது முகத்தைக் காட்டிச் செய்கிற வசதி இருக்கிறது, இ-சேவைக்காரரிடம் கேட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள்.