மூன்றாவது பிரசவம் என்றதும் கேட்க வேண்டியது வேறு

போன மாதம் எங்கள் பிரசவ வார்டில் பீகாரிலிருந்து வந்த பெண் ஒருவர், மூன்றாவது பிரசவம், வலியோடு படுத்திருந்தார். பக்கத்தில் நின்ற ஊழியர் "ரெண்டோட நிறுத்தியிருக்கக் கூடாதா" என்று அவர் காதுபடவே சொன்னார். மகப்பேறு மருத்துவராகப் பல வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது, ஆனால் குரல் புரியும். அதற்கப்புறம் வலியைக்கூட அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. இதை மட்டும் பார்த்துவிட்டு அங்கே இருப்பவர்களுக்குப் பொறுப்பில்லை என்று பேசுகிறோம். அதே ஆய்வை இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறைவதற்குள் கல்யாணம் ஆனவர்கள் பீகாரில் 100க்கு 41 பேர், இங்கே 13. பத்து வருடமாவது பள்ளிக்குப் போன பெண்கள் அங்கே 29, இங்கே 57. இனி குழந்தை வேண்டாம், அல்லது தள்ளிப்போடலாம் என்று நினைத்தும் கருத்தடை கைக்கு எட்டாத பெண்கள் அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பள்ளிக்கே போகாத பெண்களுக்கு நாடு முழுக்கச் சராசரி 2.8 குழந்தை, பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு 1.8. அதாவது நம் மாநிலத்தின் சராசரியேதான். வித்தியாசம் பள்ளிக்கூடத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இருக்கிறது, அந்தப் பெண்ணின் குணத்தில் இல்லை.

சட்டத்தால் மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று ஆந்திரம் 1994இல் விதி போட்டது, பிறப்பு குறைந்துபோனதால் 2024இல் அதை எடுத்துவிட்டது.

சரி, வேலைக்காக மாநிலம் மாறி வந்த கர்ப்பிணிக்கு என்னவெல்லாம் மாறுகிறது? பிரசவத்துக்கு மத்திய அரசு பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில், மருத்துவமனைப் பிரசவம் குறைவாக இருந்த பீகார் போன்ற மாநிலங்களில் கிராமத்துப் பெண் யாராக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பெற்றால் 1,400 ரூபாய். தமிழ்நாட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் மட்டும், அதுவும் 700. இங்குள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய், ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

மாறாதது ஒன்று உண்டு, இதை உங்களிடம் வேலை பார்க்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள். 2011 முதல் நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் பிரசவம், சிசேரியன், பரிசோதனை, மருந்து, இரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். உள்ளூர் ரேஷன் கார்டு இல்லையே என்று தயங்கி வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள், அது உயிருக்கே ஆபத்து. ஊரில் கொடுத்த தாய்-சேய் அட்டையைக் கையோடு கொண்டுவரட்டும். கரு உறுதியானதும் பகுதி சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிடச் சொல்லுங்கள், பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள்.

மூன்றாவது பிரசவம் என்று தெரிந்தால் நாங்கள் கேட்க வேண்டியது, முந்தைய இரண்டும் எங்கே நடந்தன, அப்போது இரத்தம் அதிகம் போனதா, இப்போது ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதுதான். பிரசவம் முடிந்த மறுநாள் இந்தி தெரிந்த செவிலியரை வைத்து அந்தப் பெண்ணிடம் பேசினேன். கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பற்றி ஊரில் யாருமே அவரிடம் சொன்னதில்லையாம். கிளம்புவதற்குள் போட்டுவிட முடியுமா என்று அவரேதான் கேட்டார்.