ஆளில்லாத மேடையில் கால் வைக்கும் நொடி

நடுக்கடல் எண்ணெய், எரிவாயு மேடைகளில் ஆட்கள் குறைந்து வருகிறார்கள். வடகடலின் நார்வேப் பகுதியில் 2018இல் உற்பத்தியைத் தொடங்கிய ஓசெபெர்க் எச் மேடையில் தங்கும் அறை கிடையாது, ஹெலிகாப்டர் தளம் கிடையாது, கழிப்பறைகூடக் கிடையாது. இயக்கம் முழுவதும் தொலைவிலிருந்துதான். பயணங்கள் குறைவதால் ஆபத்தும் குறைகிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பழுது பார்க்க யாராவது போயே ஆக வேண்டும். அப்படிப் போகிறவருக்குக் கயிறு எடுத்துக் கொடுக்கவோ, அடிபட்டால் தூக்கவோ அங்கே ஒருவரும் இருப்பதில்லை. ஏணிப்படி துருப்பிடித்திருந்தால் அதையும் முதலில் ஏறுபவரின் கால்தான் கண்டுபிடிக்கிறது.

படகிலிருந்து மேடைக்கு மாறுவது சில நொடி வேலை. படகு அலையின் உச்சிக்கு வரும்போது கால் மாற்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த கணம் படகு நம்மை விட்டுக் கீழே இறங்கும். தாமதித்து, இறங்கிய படகிலிருந்து தாவினால், அது மீண்டும் எழும்பி வந்து காலை ஏணியோடு நசுக்கிவிடும். மாதம் இருமுறை ஏறியவருக்கு இது உடம்பிலேயே ஊறியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஏறுபவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தானியங்கி மேடைகளைப் பற்றிய என் பெரிய கவலை இதுதான்.

வானிலை அறிக்கையில் அலை 1.5 மீட்டர் என்றிருந்தால் பலர் அதையே உச்சம் என்று நினைக்கிறார்கள். அந்த எண், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே வரும் தனி அலை அதைப்போல் இரு மடங்கை எட்டலாம்.

கப்பலின் ஆட்டத்தை ஈடுசெய்து நிலையாக நிற்கும் நடைபாலங்கள் இப்போது வந்துவிட்டன. நல்ல ஏற்பாடு. ஆனாலும் கப்பல் தன் இடத்தைத் தக்கவைக்க முடியாமல் விலகினால் பாலத்தை எடுத்தாக வேண்டும். ஆகவே விளக்கு பச்சையாக மாறிய பிறகே கால் வையுங்கள். ஒருவர் கடந்து முடிந்த பிறகே அடுத்தவர் போகட்டும். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள்.

ஒரு மாலை, வேலை முடிந்து இறங்க வந்த தொழில்நுட்பர் தோளில் கருவிப் பையை மாட்டியிருந்தார். காலையில் ஏறியபோது இருந்ததைவிட அலை பெருத்திருந்தது. வீடு திரும்பும் அவசரம் முகத்தில் தெரிந்தது. பையைத் தனியாகக் கயிற்றில் இறக்கச் சொன்னேன், வேண்டாவெறுப்பாகக் கழற்றினார். இறங்குகையில் ஒரு கை, படகுக்கு மாறும்போது பிடித்துக்கொள்ளும் கயிற்றிலிருந்து நழுவியது. மறு கை காலியாக இருந்ததால் ஏணியைப் பற்றிக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து, படகு கிளம்பும் முன்பே மேடைக்குப் போகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கடல் மோசமானால் இரவு எங்கே தங்குவீர்கள்? அங்கே குடிநீர், உணவு, போர்வை, பேசும் கருவி இருப்பதை யார் சரிபார்த்தது? ஏணி முன் நின்று “இன்று வேண்டாம்” என்று உங்களில் எவர் சொன்னாலும் படகு மறுபேச்சின்றித் திரும்புமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வரும்வரை நான் படகின் கயிற்றை அவிழ்க்க விடுவதில்லை.