பூமி மையத்துல இருந்து அளந்தா எவரெஸ்ட் முதலிடத்துல இல்ல

மேப்புல ஒரு இடத்த சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ரெண்டு நம்பர் போதும். தீர்க்கரேகைக்கு ஜீரோ எங்கன்னு 1884ல வாஷிங்டன்ல கூடிப் பேசித்தான் கிரீனிச்னு முடிவு பண்ணாங்க, வேற ஊர வெச்சிருந்தாலும் கணக்கு சரியாத்தான் வந்திருக்கும். அட்சரேகைக்கு அந்தப் பேச்சே வேணாம், பூமி சுத்துற அச்சே பூமத்திய ரேகை எங்கன்னு காட்டிடுது. ஆனா மூணாவதா ஒரு நம்பர் இருக்கு, உயரம். அத எங்க இருந்து அளக்குறோம்ங்கிறத மாத்தினா உலகத்தோட முதலிடங்களே மாறிடும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதான்.

பூமி சுத்துறதால நடுப்பக்கம் புடைச்சும் துருவத்துல கொஞ்சம் தட்டையாவும் இருக்கு. மையத்துல இருந்து பூமத்திய ரேகைக்கு 6378 கிமீ, துருவத்துக்கு 6357 கிமீ, வித்தியாசம் 21 கிமீ, அதாவது எவரெஸ்ட் உயரத்துல ரெண்டு மடங்குக்கும் மேல! சாட்டிலைட் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1730கள்ல, பிரான்ஸ்ல இருந்து ஒரு குழு இப்போ ஈக்வடார் இருக்குற பகுதிக்கும் இன்னொரு குழு வடக்க, ஐரோப்பாவோட வட கோடியில இருக்குற லாப்லாந்துக்கும் போயி ஒரு டிகிரி அட்சரேகைக்கு தரையில எவ்ளோ தூரம்னு அளந்தாங்க, வடக்கதான் ஜாஸ்தியா வந்துச்சு. தட்டையான பக்கம் வளைவு கம்மி, அதனால தூக்குக்குண்டு (நூல்ல தொங்கவிட்ட குண்டு, நேர் கீழ எதுன்னு காட்டும், அட்சரேகைய இத வெச்சுத்தான் பாப்பாங்க) தொங்குற திசை ஒரு டிகிரி திரும்பணும்னா இன்னும் கொஞ்சம் கூடுதலா போகணும். இன்னைக்கு கணக்குல பூமத்திய ரேகைகிட்ட ஒரு டிகிரி 110.6 கிமீ, துருவத்துகிட்ட 111.7 கிமீ. வெறும் ஒரு கிமீ வித்தியாசம், அத வெச்சு மொத்த பூமியோட வடிவத்தையே சொல்லிட்டாங்க, அசாத்தியமான வேலை.

அந்த ஈக்வடார்லதான் சிம்பொராசோ எரிமலை இருக்கு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 6263 மீட்டர், எவரெஸ்ட்டோ 8848.86 மீட்டர். ஆனா எவரெஸ்ட் 28 டிகிரி வடக்குல இருக்கு, சிம்பொராசோ பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிதான் தெற்க, புடைப்பு மேலயே உக்காந்திருக்கு, அதனால மையத்துல இருந்து பாத்தா அதோட உச்சி எவரெஸ்ட் உச்சிய விட சுமார் 2 கிமீ அதிக தூரத்துல இருக்கு.

ஆழத்துலயும் இதே கதைதான். பசிபிக் கடல்ல மரியானா அகழியில இருக்குற சேலஞ்சர் டீப்தான் கடல்லயே ஆழமான இடம், கிட்டத்தட்ட 10.9 கிமீ ஆழம், 11 டிகிரி வடக்கு. அதோட அடித்தளம் மையத்துல இருந்து சுமார் 6366 கிமீ. துருவத்துல கடலோட மேல்மட்டமே 6357 கிமீதான்னு மேல பாத்தோமே, அப்போ வடதுருவத்துல மிதக்குற ஐஸ் மேல நிக்கிறவங்க சேலஞ்சர் டீப்போட அடியில இருக்குறத விட மையத்துக்குப் பக்கமா இருக்காங்க!

சரி, கடல் மட்டமாவது ஒரே சீரா இருக்கான்னா அதுவும் கிடையாது. பூமிக்குள்ள இருக்குற பொருள் எல்லா இடத்துலயும் ஒரே அடர்த்தி இல்ல, ஈர்ப்பு கூடினா தண்ணி அங்க கொஞ்சம் மேடாகும், குறைஞ்சா பள்ளமாகும். இலங்கைக்குத் தெற்க இந்தியப் பெருங்கடல்ல கடல் மட்டம் நீள்கோளக் கணக்க (நடுவுல புடைச்ச பூமிய மேடுபள்ளம் இல்லாத சீரான வடிவமா வெச்சுக்குற கணக்கு) விட 100 மீட்டருக்கும் மேல கீழ கிடக்கு. ஜிபிஎஸ் முதல்ல கணக்கு போடுறது அந்த நீள்கோளத்துல இருந்துதான், அதனால அங்க கப்பல்ல போறவங்களுக்குத் திருத்தம் போடாத ஜிபிஎஸ் உயரம் மைனஸ்ல காட்டும்.