ஏற்காட்டு ஜெரேனியம் குளிரால் சாவதில்லை

கார்த்திகை பிறந்தாலே ஏற்காட்டில் எனக்கு ஜெரேனியம் பூச்செடி பற்றித்தான் அழைப்புகள் வரும். "செடி பனியில கருகிடுச்சுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போகும். பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈர மண்ணில் பெருகும் பித்தியம் என்ற கிருமி தண்டை அழுக்கியிருக்கிறது.

ஜெரேனியம் என்று நாம் தொட்டியில் வளர்ப்பது தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெலார்கோனியம். சதைப்பற்றான தண்டு, வறட்சியைத் தாங்கும், உறைபனியைத் தாங்காது. அதனால்தான் ஐரோப்பாவில் குளிருக்கு முன்பே தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுவார்கள். சிலர் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குளிர் போனபின் மறுபடி நடுவார்கள். அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே தொட்டிகளைப் பாலித்தீன் தாளால் மூடிவைக்கிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் உறைபனி அபூர்வம். மார்கழி இரவில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நம் தொல்லை வடகிழக்குப் பருவமழையும், அது விட்டதும் நாள்கணக்கில் நிற்கும் மூடுபனியும். தொட்டி மண் காயவே காயாது. மேலே பாலித்தீனும் போட்டால் இலையில் சாம்பல் பூசணம் வராமல் என்ன செய்யும்?

ஒரு தோட்டக்கார அண்ணன் கேட்டார்: "தினமும் தண்ணி ஊத்துறேனுங்க, அப்பவும் வாடுதே?" அதில்தான் சிக்கல். வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது, இலை வாடும். செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். மழை மாதங்களில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்; கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். லேசாகியிருந்தால் காலையில், இலை நனையாமல் கொஞ்சம் ஊற்றுங்கள். சாரல் அடிக்காத, வெளிச்சமுள்ள தாழ்வாரம் போதும். பழுத்த இலையையும் வாடிய பூங்கொத்தையும் அன்றன்றே கிள்ளிவிடுங்கள். உரம் தை கடைசி வரை வேண்டவே வேண்டாம்.

மண்ணையும் கவனியுங்கள். வெறும் தென்னைநார்க் கழிவில் வந்த செடியைச் செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழு உரம் கலந்த மண்தொட்டிக்கு மழைக்கு முன்பே மாற்றுங்கள். மலை மண்ணில் புளிப்பு அதிகம். காப்பித் தோட்டங்களில் சுண்ணாம்பு போடுவது அதற்காகத்தான். தொட்டி மண்ணிலும் கொஞ்சம் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் சேர்க்கலாம்.

கொடி ஜெரேனியத்தின் இலையடியில் சொரசொரப்பான கொப்புளங்கள் தெரிந்தால் உடனே மருந்தடிக்காதீர்கள். வேர் உறிஞ்சும் நீரை, ஈரக்காற்றில் இலையால் வெளியேற்ற முடியாமல் செல்கள் வெடித்த தழும்பாகவும் இருக்கலாம். தண்ணீரைக் குறைத்தால் புதிய இலை சுத்தமாக வரும்.

இவ்வளவு செய்தும் சில செடிகள் போகும். அதனால் புரட்டாசியிலேயே குச்சி எடுத்து வைக்கச் சொல்வேன். நோயில்லாத செடியில் நான்கு அங்குல நுனியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, மொட்டைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் உலரச் சில மணி நேரம் நிழலில் போடுங்கள். பிறகு லேசான ஈர மணலில் நடுங்கள். மற்ற குச்சிகளுக்குச் செய்வதுபோல் பாலித்தீன் பையைக் கவிழ்க்காதீர்கள், அழுகிவிடும். செடிக்குச் செடி கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பது கட்டாயம், பாக்டீரியா வாடல் நோய் கத்தி வழியாகவும் பரவும். அடி கறுத்த செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை இன்னொரு தொட்டியில் போடவே கூடாது.

சேலத்துக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மார்கழியும் தையும் ஜெரேனியத்துக்கு நல்ல காலம், வெயிலில் வைத்துப் பூக்கவிடலாம். ஏற்காட்டில் மே மாத மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வாங்கிப் போகும் செடி, மாடியில் 38 டிகிரி வெயிலைப் பார்த்ததும் துவண்டுவிடும். வாங்குவதானால் கார்த்திகை மழை ஓய்ந்தபின் வாங்குங்கள். மாசி முடிந்ததும் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.